ஒலிச் சாதனத்தை முடக்கிப் பார்த்தல்: ஒரு பரிசீலனை

தாம்பரம் மேற்கிலோ குரோம்பேட்டையிலோ உள்ள கணிப்பொறி பழுதுபார்க்கும் கடை ஒன்றில், வேலை செய்துகொண்டிருக்கும்போதே புரோகிராம் தானாக மூடிக்கொள்கிறது என்றோ, திரை அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது என்றோ ஒருவர் தம் யந்திரத்தைக் கொண்டுபோய் வைத்து முறையிட்டாரானால், அவருக்குக் கிடைக்கும் மறுமொழி பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது: "ஃபார்மட் போட்டுடலாம் சார்." அதாவது, வட்டில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுவது. இந்த மகா பிராயச்சித்தத்துக்கு முன்னால் செய்து பார்க்கத்தக்க சிறிய பரீட்சைகள் சில உண்டு. அவற்றுள் மிக எளியதும், கேட்ட மாத்திரத்தில் மிக விசித்திரமாகத் தோன்றுவதும், ஒலிச் சாதனத்தைத் தற்காலிகமாக முடக்கிவிட்டு அதே புரோகிராமை மறுபடி ஓட்டிப் பார்ப்பதாகும். கணக்கு எழுதும் புரோகிராம் நின்றுபோவதற்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சம்பந்தம் உண்டு. அது காலத்துக்குக் காலம் எவ்வாறு மாறி வந்தது, இந்தப் பரீட்சையின் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவை சற்று நிதானமாக ஆராயத்தக்கவை.

கணிப்பொறியின் அங்கங்களில் ஒலிச் சாதனத்துக்கு ஒரு தனி ஸ்தானம் இருக்கிறது. அச்சுயந்திரம் சிறிது தாமதித்தால் எவருக்கும் நஷ்டமில்லை, வட்டு தாமதித்தால் காத்திருக்கலாம், ஒலியோ காத்திராது. காம்பாக்ட் டிஸ்க் தரத்தில் ஒவ்வொரு செவிக்கும் வினாடிக்கு 44,100 மாதிரிகள் இடைவிடாமல் போய்ச் சேர வேண்டும். சில மில்லி வினாடிகள் பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும். ஆகையால் அதனை இயக்கும் டிரைவர் என்ற புரோகிராம், செயலியை நொடிக்குப் பலமுறை குறுக்கிட்டு அழைக்கவும், இயங்குதளத்தின் உள்ளறையிலேயே உட்கார்ந்து வேலை செய்யவும் அதிகாரம் பெற்றதாக நெடுங்காலம் அமைக்கப்பட்டிருந்தது. உள்ளறையில் இருப்பவன் தடுக்கி விழுந்தால் வீடு முழுவதும் அதிரும். மற்றொரு புறத்தில், ஒலியைத் தொடாத புரோகிராமே அநேகமாக இல்லை. எச்சரிக்கைப் பெட்டி ஒன்று திரையில் தோன்றும்போது எழுகிற 'டிங்' என்ற ஓசைக்குக்கூட டிரைவரைக் கூப்பிட்டாக வேண்டும். எல்லாப் புரோகிராம்களும் தொடுகிற, ஆனால் பெரும்பாலானவற்றுக்கு உயிர்நாடியாக இல்லாத ஓர் அங்கத்தைச் சந்தேகத்தின் பேரில் முதலில் பிடித்து நிறுத்திப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. நிறுத்தினாலும் குடிமுழுகிப் போவதில்லை.

இந்தச் சந்தேகத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிற சந்தையில், செடிகளுக்கும் கோழிகளுக்கும் கால் போன நாற்காலிகளுக்கும் நடுவே, தார்ப்பாயில் கொட்டிப் பரப்பிய பழைய கணிப்பொறி உதிரிகளையும் காணலாம். அந்தக் குவியலில் நீண்ட பழைய சவுண்ட் கார்டு ஒன்று அகப்பட்டால் அதைச் சிறிது நேரம் கையில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு விளிம்பில் பொன்முலாம் பூசிய பற்கள். மறு விளிம்பில் ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் துளைகள். நடுவே வரிசையாகக் குத்திட்டு நிற்கும் ஊசிகள். அந்த ஊசிகளில் இரண்டிரண்டைக் கவ்விக்கொண்டிருக்கும், நகக்கண் அளவேயான கறுப்பு ஜம்பர்கள். புரோகிராம்கள் நின்றுபோன பழங்கதையின் பெரும்பகுதி அந்த ஜம்பர்களில்தான் இருக்கிறது.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்டபோது, கணிப்பொறிக்குள் செயலியைக் கூப்பிடுவதற்கு இருந்த கம்பிகள் மிகச் சில. ஐ.பி.எம்.-மின் முதல் பீ.சி.யில் எட்டே கம்பிகள். பின்னால் வந்த ஏ.டி. ரகத்தில் இரண்டு 8259 சில்லுகளைத் தொடுத்துப் பதினைந்து ஆக்கினார்கள். கடிகாரத்துக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, வட்டுக்கு ஒன்று என்று பங்கிட்ட பிறகு, சவுண்ட் கார்டுக்கு ஐந்தாவதோ ஏழாவதோ கிடைக்கும். ஏழாவது கம்பியோ அச்சுயந்திரத்தின் பெயரில் ஏற்கெனவே பட்டா எழுதப்பட்டது. எந்தக் கம்பி என்பதை ஜம்பரை இடம் மாற்றி நிர்ணயித்துவிட்டு, அதே எண்ணை மென்பொருளுக்கும் எழுத்தால் தெரிவிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால், முதல் ஓசை எழ வேண்டிய அந்தக் கணத்தில் யந்திரம் உறைந்து நிற்கும். அக்காலத்து விளையாட்டுகள் இதை நன்கு அறிந்திருந்தன. 1993-இல் வெளிவந்த டூம் விளையாட்டை ஒலியே இன்றித் தொடங்குவதற்கு 'நோ சவுண்ட்' என்ற ஒரு சொல்லைக் கட்டளையோடு சேர்த்தால் போதும். ஆட்டம் அப்போது ஊமையாக ஓடிற்றென்றால் பிழை எங்கே என்பது தெரிந்துவிட்டது. நாம் ஆராய்ந்துகொண்டிருக்கும் பரீட்சையின் மிகப் பழைய, மிகச் சுத்தமான வடிவம் இதுவே.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்து, கார்டைச் செருகினால் எண்களைத் தானே பங்கிட்டுக் கொள்ளும் என்ற வாக்குறுதியைக் கொடுத்தது. வாக்குறுதி பாதி நிறைவேறிற்று. அதோடு வந்த டிவைஸ் மேனேஜர் என்ற பட்டியல்தான் நிலையான லாபம்: திருப்புளியைத் தொடாமலே ஒரு சாதனத்தை முடக்கவும், மறுபடி எழுப்பவும் அது வழி செய்தது. இந்தப் பரீட்சையில் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குப் பொருள் ஏற்பட்டதும் அதனால்தான். கார்டைப் பிடுங்குகிற முறையில் ஒரு பெரிய தொல்லை உண்டு. பிடுங்கிச் செருகும்போதே பற்களில் படிந்த களிம்பு உராய்ந்து போய்விடலாம். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெமரிப் பற்களைத் தேய்த்து உயிரூட்டும் நம் கடைப் பையன்களின் வித்தை பலமுறை பலிப்பதற்குக் காரணம் இதுவே. பிழை ஒலியில் இருந்ததா, களிம்பில் இருந்ததா என்பது அதற்குப் பிறகு எவருக்கும் தெரியாமல் போகும். டிவைஸ் மேனேஜரில் முடக்கும்போது எந்தப் பொருளும் இடம் பெயர்வதில்லை.

முடக்கினால் பிழை தீர்ந்தது, ஆகவே பிழை ஒலிச் சாதனத்தினுடையதே என்று முடிவுகட்டுவது எவ்வளவு அவசரம் என்பதற்கு 2001-ஆம் ஆண்டில் உலகமறிந்த உதாரணம் ஒன்று கிடைத்தது. வயா நிறுவனத்தின் 686பி என்ற சில்லைத் தாங்கிய மதர்போர்டுகளில், வட்டுக்கு வட்டு பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது தகவல் சிதைந்தது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு இருந்த யந்திரங்களில் இது முனைப்பாகத் தெரிந்தது. கார்டை அகற்றினால் சிதைவு மறைந்தது. பழி முதலில் கார்டின்மேல்தான் விழுந்தது. ஆனால் மூலக் கோளாறு மதர்போர்டுச் சில்லு தகவல் பாதையைக் கையாண்ட விதத்தில் இருந்தது. ஒலிக் கார்டு அந்தப் பாதையை மிகுதியாகப் பயன்படுத்தியதால் நோயை வெளிக்கொணர்ந்ததே தவிர, நோயை உண்டாக்கவில்லை. பின்னால் பயோஸ் திருத்தங்களும் டிரைவர் ஒட்டுகளும் வந்தன.

இனி நம் கடைவீதியின் மகா பிராயச்சித்தத்துக்குத் திரும்பலாம். விண்டோஸ் எக்ஸ்.பி. ஆட்சி செய்த காலத்தில், பிரௌசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்தபோது, ஃபார்மட் என்பது ஏன் அவ்வளவு பலித்தது என்று யோசித்தால் ஒரு வேடிக்கையான காரணம் புலப்படுகிறது. புதிதாக ஏற்றிய எக்ஸ்.பி.க்கு அன்றைய மதர்போர்டுகள் பலவற்றின் ஒலிச் சில்லை அடையாளம் தெரியாது. மதர்போர்டோடு வந்த சி.டி.யிலிருந்து டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும், அந்த சி.டி.யோ வாங்கிய வாரத்திலேயே காணாமற் போயிருக்கும். ஆகவே ஃபார்மட் முடிந்து வீடு திரும்பிய யந்திரம் நான்கு நாள் ஊமையாகவும் உத்தமமாகவும் வேலை செய்யும். ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் கடைக்குப் போய், "தம்பி, சவுண்டு வரலையேப்பா" என்பார். பையன் எங்கிருந்தோ ஒரு ரியல்டெக் டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றுவான். அடுத்த வாரம் புரோகிராம் மறுபடியும் நின்றுபோகும். இடையில் ஒரு பரிபூரணமான பரீட்சை நடந்து முடிந்திருக்கிறது. அதன் முடிவைப் படிக்கத்தான் ஆள் இல்லை. ஃபார்மட் தீர்த்துவைத்ததாகக் கொண்டாடப்பட்ட கோளாறுகளில் ஒரு பங்கு, உண்மையில் ஒலி டிரைவர் இல்லாமையால் தீர்ந்தவை என்பதே என் துணிபு. இரண்டு நிமிஷத்தில் அறிந்திருக்கக்கூடியதற்காக அழிந்துபோன கல்யாணப் புகைப்படங்கள் எத்தனையோ!

எக்ஸ்.பி. காலத்திலேயே முழுவதும் முடக்காமல் பாதி முடக்குகிற வழியும் இருந்தது. ஒலியின் வேலையில் எவ்வளவைக் கார்டே செய்வது, எவ்வளவைச் செயலி செய்வது என்பதை நிர்ணயிக்கும் நகர்த்துகோல் ஒன்று ஒலி அமைப்புகளில் இருந்தது. அதை இடப்பக்கம் தள்ளத் தள்ள, கார்டின் சாமர்த்தியங்கள் ஒவ்வொன்றாக விலக்கப்படும். கோலை ஒரு படி தள்ளியதும் விளையாட்டு ஒழுங்காக ஓடுமானால், கார்டு நல்லது, டிரைவரின் ஒரு பகுதிதான் கெட்டது என்று நுட்பமாகச் சொல்லிவிடலாம். 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா இந்த ஏற்பாட்டையே கலைத்தது. ஒலி வேலையின் பெரும்பகுதியை மைக்ரோசாஃப்ட் உள்ளறையிலிருந்து வெளித் திண்ணைக்குக் கொண்டுவந்தது. சாதனம் செய்வோர் சேர்க்கும் ஒலி அலங்காரங்களைத் தனி அறை ஒன்றில் அடைத்தது. அலங்காரம் மடிந்தால் இனி ஒலி மட்டும் நிற்கும், இயங்குதளம் நிற்காது என்பது எண்ணம். விலை உயர்ந்த கார்டு வைத்திருந்த விளையாட்டுப் பிரியர்கள் தங்கள் கார்டின் பாதி வித்தை போய்விட்டதே என்று மனம் வருந்தினார்கள். ஆயினும் பொதுநோக்கில் அது சரியான தீர்மானம். மைக்ரோசாஃப்டின் சர்வர் ரகத்தில், 2003 பதிப்பிலேயே ஒலிச் சேவை இயல்பாக முடக்கப்பட்டிருந்தது என்பதைச் சேர்த்து எண்ணினால், யந்திரம் இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும் என்று கவலைப்பட்டவர்கள் ஒலியை எப்படிக் கருதினார்கள் என்பது தெளிவாகும்.

லினக்ஸ் உலகத்தின் நிலைமை வேறு. தொடக்கத்தில் ஒலிச் சாதனத்தை ஒரு சமயத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும் என்ற நிலை பரவலாக இருந்தது. இரண்டாவதாக வந்தது வாசலில் நின்று காத்திருக்கும். பார்ப்பவருக்கு அது செத்துப்போனதாகவே தோன்றும். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு ஆல்சா என்ற புதிய ஒலி அமைப்பு நிலைபெற்று இதை வெகுவாகத் திருத்தியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து தாங்கிய கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தின் வழியாகத்தான் பாஸ் என்ற நம் நாட்டு லினக்ஸ் உருவாயிற்று. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூட அந்த பாஸும் ஏற்றப்பட்டு மாணவர் கைக்கு வந்தது. ஒரே யந்திரத்தில் இரண்டு இயங்குதளங்கள் என்பது பிழை தேடுபவனுக்குக் கிடைத்தற்கரிய வசதி. விண்டோஸில் ஒலியோடு நின்றுபோகிற யந்திரம், பாஸில் மணிக்கணக்கில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுமானால், சில்லு பெரும்பாலும் குற்றமற்றது. விண்டோஸ் டிரைவரே குற்றவாளி. லினக்ஸில் ஒலி மாட்யூலை ஒரு வரிக் கட்டளையால் கெர்னலிலிருந்து இறக்கிவிடலாம். ஆனால் பல்ஸ்ஆடியோ, பைப்வயர் போன்ற காரியஸ்தர்கள் சாதனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அது இறங்காது, முதலில் அவர்களை நிறுத்த வேண்டும். இவ்வளவு வசதியும் பையில் இருந்தும், செம்பாக்கத்திலும் சேலையூரிலும் அந்த மடிக்கணினிகளுக்கும் கடைசியில் ஃபார்மட்டே மருந்தாயிற்று.

பழைய கார்டுகள் போயின, பழைய பயம் மட்டும் இருக்கிறது என்று இன்று ஒருவர் நினைக்கலாம். அப்படியன்று. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்த பிறகு, இன்டெலின் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி டிரைவரின் குறிப்பிட்ட இரண்டு பதிப்புகளால், பதினோராம் தலைமுறைச் செயலி கொண்ட யந்திரங்களில் நீலத்திரை வீழ்ச்சி ஏற்படுகிறது என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு, அந்த யந்திரங்களுக்குப் புதுப்பிப்பைத் தராமல் நிறுத்தி வைத்தது. சில மதர்போர்டுகளோடும் மடிக்கணினிகளோடும் வருகிற நஹிமிக் முதலிய ஒலி அலங்கார மென்பொருள்கள், பிற புரோகிராம்களுக்குள் தங்கள் பகுதியை நுழைத்துவிடும் பழக்கத்தால், ஒலிக்குச் சம்பந்தமே இல்லாத புரோகிராம்களையும் கவிழ்த்ததுண்டு. இத்தகைய இடத்தில் சாதனத்தை முடக்கினால் மட்டும் போதாது. அந்த அலங்காரத்தின் சேவையையும் நிறுத்தினால்தான் பரீட்சை முழுமை பெறும். மேலும், ஒலிச் சாதனம் என்பது இப்போது ஒன்றல்ல. மதர்போர்டின் ரியல்டெக், மானிட்டருக்கு ஓசை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் ஒலி, வெப் கேமராவின் மைக், புளூடூத் இயர்போன் என்று டிவைஸ் மேனேஜரில் நாலைந்து பெயர்கள் நிற்கும். எல்லாவற்றையும் ஒருசேர முடக்கிப் பார்த்து, பிழை மறைந்தால் ஒவ்வொன்றாக எழுப்புவதே முறை. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த மறுநாள் தொடங்கிய கோளாறாயின், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்காக அது கொண்டுவந்து சேர்த்த ஒலி டிரைவரை முதலில் கவனிக்க வேண்டும்.

பரீட்சையின் தர்க்கம் பழைய நியாய சாஸ்திரக்காரர்களுக்கு நன்கு தெரிந்தது. காரணம் உள்ள இடத்தில் காரியமும் உண்டு என்பது அந்வயம். காரணம் இல்லாத இடத்தில் காரியமும் இல்லை என்பது வியதிரேகம். இரண்டும் கூடினால்தான் காரணம் என்று நிர்ணயிக்கலாம். நடைமுறையில் பெரும்பாலோர் வியதிரேகத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒலியை முடக்கினார்கள், ஒரு மணி நேரம் புரோகிராம் ஓடிற்று, வெற்றி என்றார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அது இருக்கக்கூடாது என்றால், சாதனத்தை மறுபடி எழுப்பி, பிழை திரும்ப வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். வந்தால் மறுபடி முடக்கி, மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் நின்றுபோகிற யந்திரத்துக்கு ஒரு மணி நேரச் சோதனை எதையும் சொல்லாது. சித்திரை, வைகாசி வெயிலில் பிற்பகலில் மட்டும் நிற்பதாயின், இரவில் செய்த சோதனையும் அப்படியே. அங்கே ஆராய வேண்டியது தூசி அடைத்த மின்விசிறியை. இரண்டு முறையும் முறைப்படி பலித்தாலும்கூட ஒரு சந்தேகம் மிஞ்சும். ஒலி டிரைவர் இல்லாதபோது நினைவகத்தில் மற்றவை அமரும் இடமும், செயலி குறுக்கிடப்படும் நேரமும் மாறிப்போவதால், பழுதான மெமரியோ, புரோகிராமிலேயே ஒளிந்திருக்கும் நேரப் பிசகோ தற்காலிகமாக மறைந்துவிடலாம். ஆகையால் மெமரிப் பரிசோதனை ஒன்றையும் ஓர் இரவு ஓடவிட்டுப் பார்ப்பது உசிதம்.

ஸ்பீக்கரின் ஓசையைப் பூஜ்யமாக்குவதும், ஒயரைப் பிடுங்குவதும் இந்தப் பரீட்சை ஆகா. அப்போதும் புரோகிராம் டிரைவரை அழைத்துக்கொண்டும், மாதிரிகளை அனுப்பிக்கொண்டும்தான் இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம். டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் பெயர்மேல் வலப்பொத்தானை அழுத்தி முடக்கினால் அதன் சின்னத்தில் கீழ்நோக்கிய சிறு அம்பு தோன்றும். அந்த அம்பைக் கண்ட பிறகே சோதனையைத் தொடங்கலாம். அதைவிடக் கடுமையானது பயோஸில் போய் முடக்குவது. அங்கே முடக்கினால் இயங்குதளத்துக்கு அப்படி ஒரு சில்லு இருப்பதே தெரியாது. எதிர்த்திசையில் வரும் விபத்தும் ஒன்று உண்டு: ஒலிச் சாதனமே இல்லாத யந்திரத்தை எதிர்பாராமல் எழுதப்பட்ட புரோகிராம்கள், முடக்கியவுடன் புதிய விதமாக நின்றுபோகும். வீடியோ ஓட்டும் புரோகிராம்கள் பல, படத்தின் வேகத்தை ஒலியின் கடிகாரத்தைக் கொண்டே அளப்பதால், அவை திணறக்கூடும். பழைய பிழையையும் இந்தப் புதிய பிழையையும் ஒன்றென்று எண்ணிக் குழம்பக் கூடாது.

குற்றம் ஒலிப் பக்கம்தான் என்று உறுதிப்பட்ட பின், முடக்கிய நிலையிலேயே யந்திரத்தை விட்டுவிடுவதைச் சிகிச்சை என்று நான் கருதவில்லை. முதலில் ரியல்டெக் முதலியோரின் டிரைவரை நீக்கிவிட்டு, விண்டோஸோடு வருகிற மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரை ஏற்றிப் பார்க்க வேண்டும். அலங்காரங்கள் போய்விடும், வெறும் ஒலி வரும், பல இடங்களில் விவகாரம் அத்தோடு தீரும். தீராவிட்டால், மடிக்கணினி செய்தவரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய டிரைவரை, புதிதோ, பிழை தொடங்குவதற்கு முந்தையதோ, எடுத்து ஏற்றலாம்.

இவ்வளவும் ஒலி இன்றியமையாததன்று என்ற அனுமானத்தின்மேல் நிற்பவை. 2020-இல் ஊரடங்கு வந்து, மேடவாக்கத்து அடுக்குமாடிகளில் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பெற்றோரின் அலுவலகமும் ஒரே கூடத்தில் நடந்தபோது, நின்றுபோகிற புரோகிராமே பேசுகிற புரோகிராமாக இருந்தது. அதில் ஒலியை முடக்கச் சொல்வது பல்வலிக்காரனைப் பேசாதே என்பதற்குச் சமம். பார்வையற்றவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் தமிழிலும் படித்துச் சொல்ல, அதைக் கேட்டே கணிப்பொறியை இயக்குபவருக்கு, ஒலிச் சாதனத்தை முடக்குவது திரையை அணைப்பதாகும். முடக்கிய பின் மறுபடி எழுப்புவதற்கான பொத்தான் எங்கே என்பதும் அவருக்குத் தெரியாமல் போய்விடும். இவர்களுக்கெல்லாம் பொருந்தும் மாற்று ஒன்று இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கட்டைவிரல் அளவேயான யு.எஸ்.பி. ஒலி அடாப்டரை வாங்கிச் செருகி, இயர்போனை அதில் மாட்டி, திரைவாசிப்பானின் ஒலியை அதன் வழியாகத் திருப்பிவிட்டு, அதற்குப் பிறகு மதர்போர்டின் ஒலியை முடக்கினால், யந்திரம் ஊமையாகாமலே பரீட்சை நடந்தேறும். இந்த அடாப்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே உள்ள பொது டிரைவரைக் கொண்டே ஓடுவதால், சந்தேகத்துக்குரிய டிரைவரின் நிழல் அவற்றின்மேல் விழுவதில்லை. மதர்போர்டுச் சில்லே கெட்டுப்போனது என்று பின்னால் தெரியவந்தால், போர்டை மாற்றாமல் அந்த அடாப்டரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.